டிப்பிங் பாயிண்ட் பத்தி பேசுறப்போ நாம பண்ற தப்புங்க

2023 ஜூலைல "அட்லாண்டிக் நீரோட்டம் 2025லயே நின்னு போகலாம்"னு உலகம் பூரா தலைப்பு ஓடுச்சு. சூட்ட வடக்க ஐரோப்பா பக்கம் கொண்டு போறது அந்த நீரோட்டம்தான். செய்தி வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது ஐரோப்பா அடுத்த வருஷமே உறைஞ்சிடும்ங்கிற மாதிரி உறுதியான செய்தியாவே மாறிடுச்சு. 2025 வந்துச்சு, போச்சு, நீரோட்டம் ஓடிட்டுதான் இருக்கு. இப்போ அதை அன்னைக்கு நம்பின ஒருத்தர்கிட்ட போய் காலநிலை மாற்றம் பத்தி பேசிப் பாருங்க, "அட போங்க சார், நீங்க சொன்னது எதுவும் நடக்கல"ன்னுதான் சொல்லுவார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.

டிப்பிங் பாயிண்ட்ங்கிறது ஒரு எல்லை, அத தாண்டினா மாற்றம் தன்னைத்தானே தள்ளிக்கிட்டு போகும், திருப்புறது கஷ்டம். அதப் பத்தி எழுதுறவங்க, வீடியோ போடுறவங்க, ஸ்கூல்ல பாடம் எடுக்குறவங்க பண்ற முதல் தப்பு இதுதான்: தேதி குறிக்கிறது.

அந்த ஆராய்ச்சி உண்மையில சொன்னது என்னன்னா, இப்படியே கார்பன் வெளியேத்திட்டே போனா இந்த நீரோட்டம் 2025க்கும் 2095க்கும் நடுவுல எப்ப வேணா சரியலாம், நடுவாந்தரமா 2057 வாக்குல. டென்மார்க்ல ரெண்டு பேர் பண்ண கணக்கு, 1870ல இருந்து வடக்கு அட்லாண்டிக் கடல் மேற்பரப்பு வெப்பத்தை வெச்சு போட்டது. எழுபது வருஷ அகலம் உள்ள ஒரு மதிப்பீட்டோட முன் நுனிய மட்டும் பிடிச்சு தலைப்பு போட்டா அது செய்தி இல்ல. காலநிலை ஆராய்ச்சிகள தொகுத்து மதிப்பிடுற ஐ.நா. குழுவான ஐபிசிசியோட ஆறாவது அறிக்கை, 2100க்கு முன்னாடி திடீர்னு சரியாதுன்னு நடுத்தரமான நம்பிக்கையோட சொல்லுச்சு. நடுத்தரம்னா அவங்களுக்கே முழு உறுதி இல்லன்னுதான் அர்த்தம், அதனால இதைக் காட்டி "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதும் அதே அளவு தப்பு. கடலுக்குள்ள கருவி போட்டு தொடர்ச்சியா அளக்க ஆரம்பிச்சதே 2004லதான், இருபது வருஷத்து அளவ வெச்சு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

இதே செய்திலயே இன்னொரு குழப்பம், கல்ஃப் ஸ்ட்ரீம் நின்னுடும்னு எழுதுறது. அமெரிக்க கிழக்குக் கரையோரமா ஓடுற கல்ஃப் ஸ்ட்ரீம காத்தும் பூமி சுத்துறதும் தள்ளுது, அது நிக்காது. அந்த ஆராய்ச்சி சொன்னதும், ஆபத்துல இருக்கிறதும் வேற ஒரு சுழற்சி. சூடான உப்புத்தண்ணி மேலாக்க வடக்க போகுது, கிரீன்லாந்து ஐஸ்லாந்து பக்கம் குளிர்ந்து கனமாகி அடியில இறங்குது, இறங்கினது ஆழத்துல தெக்க திரும்புது. பனி உருகின நல்லதண்ணி அதுல கலந்தா உப்பு குறைஞ்சு கனம் குறையும், இறங்குறது மெதுவாகும், அது மெதுவானா தெக்கருந்து வர்ற உப்பும் குறையும், அதனால இன்னும் மெதுவாகும். இப்படி தன்னைத்தானே தள்ளிக்கிற ஒரு வளையம் இருந்தாதான் அதுக்குப் பேரு டிப்பிங் பாயிண்ட். அதோட இது ஐரோப்பாக்காரன் பிரச்சனைன்னு விட்டுடவும் கூடாது. அந்த சுழற்சி சரிஞ்சா வெப்பமண்டல மழைப்பட்டையே தெக்க நகரும், ஆசியாவோட பருவமழை பலவீனமாகும்னு அதே ஐபிசிசி அறிக்கைல இருக்கு. நம்ம சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வர்ற விஷயம்.

தேதி குறிக்கிறதால எவ்ளோ சேதம் ஆகும்னு பாக்கணும்னா இமயமலை கதைய எடுத்துக்கோங்க. 2007 ஐபிசிசி அறிக்கையோட ஒரு பகுதில, இமயமலை பனிப்பாறைங்க 2035க்குள்ள காணாம போக வாய்ப்பு ரொம்ப அதிகம்னு ஒரு வரி வந்துடுச்சு. ஒழுங்கா ஆய்விதழ்ல சரிபார்த்து வந்த தகவலே இல்ல அது. 2009 கடைசில, பனிப்பாறைங்க அப்படி அசாதாரணமா கரையலன்னு புவியியலாளர் வி.கே. ரெய்னா எழுதின அறிக்கைய இந்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டப்போ பெரிய சண்டையாச்சு, 2010 ஜனவரில ஐபிசிசி வருத்தம் தெரிவிச்சுது. ஆயிரக்கணக்கான பக்கத்துல ஒரே ஒரு வரி. ஆனா பல வருஷம் அந்த ஒரு வரிய காட்டித்தான் மொத்த அறிவியலையும் பொய்னு சொன்னாங்க. கொடுமை என்னன்னா பனிப்பாறைங்க உண்மையிலயே வேகமாதான் கரையுது. இமயமலைப் பகுதிய ஆராயுற, காத்மாண்டுல இருக்கிற ஐசிமாட் அமைப்பு 2023ல சொன்ன கணக்குப்படி 2011 - 2020ல பனி போன வேகம் அதுக்கு முந்தின பத்து வருஷத்த விட 65 சதவீதம் அதிகம். இந்த நம்பரே போதுமான அளவு பயங்கரம், இதுக்கு மேல ஒரு பொய்த் தேதி தேவையே இல்ல.

"இன்னும் 12 வருஷம்தான்"னு 2018ல கிளம்புனதும் இதே ரகம். பூமி சூடாகுறத 1.5 டிகிரிக்குள்ள நிறுத்தணும்னா 2030க்குள்ள கார்பன் வெளியேத்தம் 2010 அளவுல இருந்து 45 சதவீதம் குறையணும்னுதான் ஐபிசிசி அறிக்கை சொன்னது, உலகத்துக்கு காலாவதி தேதி போடல.

அடுத்த தப்பு வேகத்தப் பத்தினது. டிப்பிங்னு சொன்னதும் எல்லாமே சட்டுனு நடக்கும்னு ஒரு படம் மனசுல வந்துடுது. கிரீன்லாந்து பனி முழுசா உருகினா கடல் ஏழு மீட்டருக்கு மேல ஏறும், அது உண்மை. உடனே மெரினா மூழ்குற மாதிரி ஒரு கிராபிக்ஸ் போட்டு கீழ 2050னு எழுதிடுறாங்க. ஆனா அந்த பனி முழுசா போக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அப்போ கவலைப்பட வேணாமான்னு கேட்டா, அங்கதான் விஷயமே. பால்ல உறை ஊத்துற மாதிரி இது. ஊத்தின நிமிஷத்துல பால் பாலாதான் தெரியும், தயிராக ராத்திரி பூரா ஆகும், ஆனா ஊத்தின உறைய திரும்ப எடுக்க முடியாது. கிரீன்லாந்துக்கு உறை ஊத்துறது நம்ம தலைமுறை, தயிர் நம்ம பேரப்பசங்களுக்கும் அவங்களுக்கு ரொம்ப ரொம்ப பின்னாடி வர்றவங்களுக்கும்.

அங்க நடக்குற வேலை எளிமையானது. பனி நடுவுல மூணு கிலோமீட்டருக்கு மேல உயரம், உச்சில குளிர் அதிகம். மேல இருந்து உருகி உருகி உயரம் குறைஞ்சா மேற்பரப்பு இன்னும் சூடான காத்துக்கு இறங்கி வருது, அதனால இன்னும் உருகுது. 2021 ஆகஸ்ட் 14ஆம் தேதி அந்த உச்சில இருக்கிற ஆய்வு நிலையத்துல மழை பெஞ்சுது. பனி இல்ல, மழை. அங்க பதிவு வெக்க ஆரம்பிச்சதுல இருந்து அதுதான் முதல் தடவை. 3,200 மீட்டர் உயரத்துல, சுத்தி கண்ணுக்கெட்டின தூரம் பனி மட்டுமே இருக்கிற இடத்துல, ஜன்னல் கண்ணாடில தண்ணி வழிஞ்சா அங்க வேலை பாக்குறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மூழ்குற மெரினா கிராபிக்ஸ விட இந்த ஒரு சம்பவம் பசங்களுக்கு சட்டுனு புரியுது, நான் பேசுற இடத்துலல்லாம் இதத்தான் சொல்றேன்.

மூணாவது, 1.5 டிகிரிய ஒரு மலை விளிம்பா நினைக்கிறது. 2024ஆம் வருஷ சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்த விட 1.55 டிகிரி அதிகம்னு உலக வானிலை அமைப்பு சொன்னதும், நெறைய பேர் "முடிஞ்சு போச்சு, இனிமே என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்ல"ன்னு எழுதினாங்க. முதல்ல, பாரிஸ் ஒப்பந்தத்துல சொல்ற 1.5 ஒரு வருஷக் கணக்கு இல்ல, இருபது வருஷ சராசரி மாதிரி நீண்டகாலக் கணக்கு. ரெண்டாவது, பூமிக்கு மொத்தமா ஒரே ஒரு டிப்பிங் பாயிண்ட் கிடையாது. 2022ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு பெரிய தொகுப்பு 16 இடங்கள பட்டியல் போட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை, அதுவும் ஒத்தை நம்பரா இல்ல. கிரீன்லாந்துக்கு 0.8ல இருந்து 3 டிகிரிக்குள்ள எங்கயோ, பெரும்பாலும் 1.5 பக்கம். அமேசானுக்கு காடழிப்ப சேக்காம வெறும் வெப்பத்த மட்டும் பாத்தா 3.5 பக்கம். கிழக்கு அண்டார்டிகாவோட பெரிய பனிக்கு அதைவிட எவ்வளவோ மேல. அப்போ 1.6ல நிறுத்துறதும் 1.9ல நிறுத்துறதும் ஒண்ணு இல்ல, ஒவ்வொரு புள்ளியும் ஏற ஏற இன்னும் ஒரு கதவு திறக்குற வாய்ப்பு கூடுது.

இதுலயே எல்லாரும் சொல்ல மறக்குற ஒரு விஷயம் இருக்கு. கார்பன் டை ஆக்சைடு வெளியேத்துறது நெட் ஜீரோ, அதாவது வெளியேத்துற அளவும் திரும்ப எடுக்குற அளவும் சமம், ஆயிட்டா அதுக்கப்புறம் வெப்பம் பெருசா ஏறாது, கிட்டத்தட்ட அந்த மட்டத்துலயே நிக்கும்ங்கிறதுதான் விஞ்ஞானிகளோட இப்போதைய மதிப்பீடு. பனி மாதிரி மெதுவா நகர்ற விஷயங்கள்ல எல்லைய கொஞ்ச காலம் தாண்டிட்டு சீக்கிரம் கீழ இறங்கிட்டா சரியாம தப்பிக்கவும் வாய்ப்பு இருக்கு. இத சொல்லாம பயத்த மட்டும் சொன்னா கேக்குறவங்க கைய கட்டிட்டு உக்காந்துடுவாங்க. எல்லாம் போச்சுங்கிற பேச்சு எண்ணெய் கம்பெனிக்குதான் நல்லது.

எதுக்கெடுத்தாலும் டிப்பிங் பாயிண்ட்னு சொல்றதும் வேணாம். சென்னைல வெள்ளம் வந்தா டிப்பிங், வெயில் அடிச்சா டிப்பிங். மழை கூடுறதுல காலநிலை மாற்றத்துக்கு பங்கு இருக்கலாம், ஆனா 2015 டிசம்பர் மழைய ஆராய்ஞ்சு பாத்தவங்களுக்கு புவி வெப்பமாதலோட தெளிவான தடயம் கிடைக்கல. ஏரி, கால்வாய், ஆக்கிரமிப்பு பத்தி கேக்க வேண்டிய கேள்விய எல்லாம் டிப்பிங் பாயிண்ட் தலைல கட்டிட்டா தப்பு பண்ணவங்க தப்பிச்சுடுவாங்க. ஆர்க்டிக் கடல் பனியும் அப்படித்தான், கோடைல அது வேகமா குறையுது, ஆனா வெப்பத்துக்கு ஏத்த மாதிரி குறையுது, வெப்பம் இறங்கினா திரும்ப உறையும். அமேசான் உலகத்துக்கு 20 சதவீதம் ஆக்சிஜன் கொடுக்குதுங்கிற வரியையும் விட்டுடலாம். அந்தக் காடு உண்டாக்குறத கிட்டத்தட்ட அதுவே திரும்ப எடுத்துக்குது. அங்க உண்மையான பயம் மழை: மரங்க ஈரத்த காத்துல விட்டு அடுத்த காட்டுக்கு மழையா அனுப்புது, மரம் குறைஞ்சா மழை குறையும், மழை குறைஞ்சா மரம் குறையும்.

நமக்கு பக்கத்துலயே இருக்கிற டிப்பிங் பாயிண்ட் மன்னார் வளைகுடா பவளப்பாறைங்க. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, அதுல ரெண்டு ஏற்கனவே தண்ணிக்குள்ள போயிடுச்சு, சுண்ணாம்புக்காக பவளத்த வெட்டி எடுத்தது அதுக்கு பெரிய காரணம். இதப் பத்தி எழுதுறப்போ அடிக்கடி வர்ற தப்பு, வெளுத்துப் போன பவளத்த செத்துப் போச்சுன்னு சொல்றது. பவளத்தோட உடம்புக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு, சாப்பாடும் நிறமும் அதுதான் கொடுக்குது. தண்ணி சூடானா பவளம் அந்தப் பாசிய வெளிய தள்ளிடுது, அப்போ உள்ள இருக்கிற சுண்ணாம்பு வெள்ளையா தெரியுது. உயிர் இருக்கு, பட்டினி கிடக்குது. சில வாரத்துல சூடு தணிஞ்சா பாசி திரும்ப வரும். தணியலன்னா மொதல்ல கிளை கிளையா வளர்ற வகைங்க போகும், உருண்டையா பாறை மாதிரி இருக்கிற வகைங்க கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 2010, 2016, 2024னு திரும்பத் திரும்ப வெளுத்துட்டே இருக்கு, இடைவெளி பத்தலங்கிறதுதான் சிக்கல்.

வெதுவெதுப்பான கடல் பவளம் எல்லைய தாண்டிட்டு இருக்குன்னு 2025ல வந்த உலக டிப்பிங் பாயிண்ட்ஸ் அறிக்கை சொல்லுச்சு. அதுக்காக பவளம் முடிஞ்சுதுன்னு எழுதிடாதீங்க. 1.5 டிகிரில 70ல இருந்து 90 சதவீதம் போகும், 2 டிகிரில 99க்கு மேல போகும்ங்கிறது ஐபிசிசி கணக்கு. அந்த அரை டிகிரில நூத்துல பத்தோ முப்பதோ மிஞ்சுறதா, ஒண்ணுக்கும் கம்மியா மிஞ்சுறதாங்கிற வித்தியாசம் இருக்கு. சாக்கடை கலக்காம, இழுவை வலை ஓடாம இருந்தா மிஞ்சுறதுக்கு திரும்ப வளர ஒரு வழி கிடைக்கும், அத இங்கயே பண்ணலாம்.

கடைசியா, என்னை ரொம்ப உறுத்துற தப்பு: மக்களுக்கு ஒண்ணும் தெரியாது, நாம போய் புரிய வெக்கணும்னு கிளம்புறது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க விரல்ல துணி சுத்திட்டு, கண்ணாடி மாட்டிட்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்து பாசி பறிக்கிறவங்க, வருஷக்கணக்கா அந்தப் பாரை, அதாவது பவளப்பாறைய, கண்ணால பாத்தவங்க. அவங்ககிட்ட போய் பவர்பாயிண்ட்ல உலக சராசரி வெப்ப வரைபடத்துல ஆரம்பிக்கிறது மரியாதையும் இல்ல, பலனும் இல்ல. எந்த வருஷம் பாரு வெளுத்துச்சு, எது திரும்ப வந்துச்சு, நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி மாறியிருக்குன்னு அவங்களக் கேட்டுட்டு, அவங்க சொன்னதுல இருந்து பேச்ச எடுங்க.

ஊர்ல யாருக்கும் அக்கறை இல்லன்னு சொல்றதும் பொய். 2024ல 125 நாட்டுல கிட்டத்தட்ட 1,30,000 பேர்கிட்ட கேட்ட ஒரு ஆய்வு வந்துச்சு. காலநிலைக்காக மாச வருமானத்துல 1 சதவீதம் கொடுக்கத் தயார்னு 69 சதவீதம் பேர் சொன்னாங்க. ஆனா மத்தவங்கள்ல எத்தனை பேர் கொடுப்பாங்கன்னு கேட்டா சராசரியா 43 சதவீதம்னு கணிச்சாங்க. மனசு இருக்கு, அடுத்தவனுக்கும் இருக்குன்னுதான் யாருக்கும் தெரியல. நீங்க வாத்தியாரா இருந்தா இத வகுப்புல செஞ்சு பாக்கலாம், ஒரு துண்டுச் சீட்டுல "நான் ஏதாவது விட்டுக்கொடுக்கத் தயாரா"ங்கிறதுக்கு ஆமா இல்லன்னும், "இந்த வகுப்புல எத்தனை பேர் ஆமான்னு சொல்லுவாங்க"ங்கிறதுக்கு ஒரு நம்பரும் பேர் போடாம எழுத சொல்லுங்க. ரெண்டையும் எண்ணி போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு அப்புறமா பாடத்த ஆரம்பிங்க.