நார்ஃபோக் கவுண்டியில் அடக்கம் செய்யப்பட்ட அரசியல்வாதிகளைப் பட்டியலிடுவது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனுக்குத் தெற்கே பரவியுள்ள நார்ஃபோக் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), தன்னை ‘அதிபர்களின் கவுண்டி’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. ஜான் ஆடம்ஸ், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ், ஜான் எஃப். கென்னடி, மூத்த ஜார்ஜ் புஷ் ஆகிய நால்வரும் பிறந்த ஊர்கள் இன்று இதன் எல்லைக்குள் இருப்பதே அந்தப் பெருமைக்குக் காரணம். ஆனால் நால்வரில் இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள் ஆடம்ஸ்கள் இருவர் மட்டுமே. புரூக்லைனின் பீல்ஸ் தெருவில் 1917இல் பிறந்த கென்னடி வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இருக்கிறார். மில்டனில் 1924இல் பிறந்த புஷ் டெக்சஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷனில் இருக்கிறார். ஆகவே இப்படியொரு பட்டியலைத் தொகுக்க விரும்புபவர், ஒரு பெயரைக்கூட எழுதுவதற்கு முன், பிறந்த இடம், வாழ்ந்த இடம், அடக்கமான இடம், நினைவுச்சின்னம் உள்ள இடம் என நான்கு பத்திகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் உலவும் பட்டியல்களில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த நான்கையும் ஒன்றாகக் கலப்பதால் வருபவை.

அடுத்ததாக, எந்த நார்ஃபோக், எந்தக் காலத்து எல்லை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்றைய கவுண்டி 1793இல் சஃபோக் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1643 முதல் 1680 வரை, இதே பெயரில் வேறொரு கவுண்டி இருந்தது. அது பாஸ்டனுக்கு வடக்கே சால்ஸ்பரி, ஹேவரில், ஹாம்ப்டன் முதலிய ஊர்களைக் கொண்டது, இன்றைய கவுண்டியோடு அதற்குப் பெயரைத் தவிர வேறு உறவில்லை. வர்ஜீனியாவிலும் 1963 வரை ஒரு நார்ஃபோக் கவுண்டி இருந்தது. எனவே தேடும்போது மாநிலத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுவது நல்லது.

எல்லை மாற்றங்கள்தாம் இந்த வேலையின் கடினமான பகுதி. சுவையான பகுதியும் அதுவே. ராக்ஸ்பரி 1868இலும், டார்செஸ்டர் 1870இலும், வெஸ்ட் ராக்ஸ்பரி 1874இலும், ஹைட் பார்க் 1912இலும் பாஸ்டனோடு இணைக்கப்பட்டபோது, அந்த ஊர்களின் இடுகாடுகளும் சஃபோக் கவுண்டிக்குப் போய்விட்டன. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஜோசப் வாரன். மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவையின் தலைவராக இருந்த இவர், 1775 ஜூன் 17 அன்று அமெரிக்க விடுதலைப் போரின் பங்க்கர் ஹில் சண்டையில் கொல்லப்பட்டுப் போர்க்களத்திலேயே புதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு உடல் தோண்டியெடுக்கப்பட்டபோது, தாம் பொருத்திக் கொடுத்த செயற்கைப் பல்லை வைத்து, வெள்ளிக் கொல்லரான பால் ரெவியர் அதை அடையாளம் காட்டினார். பிறகு கிரேனரி இடுகாடு, செயின்ட் பால் தேவாலயம் என்று இடம் மாறிய அவரது எலும்புகள், 1850களின் நடுவில் ஃபாரெஸ்ட் ஹில்ஸ் இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்போது அந்த இடுகாடு வெஸ்ட் ராக்ஸ்பரியில், அதாவது நார்ஃபோக் கவுண்டியில் இருந்தது. 1874க்குப் பின், கல்லறை ஓர் அங்குலமும் நகராமலேயே, வாரன் சஃபோக் கவுண்டிக்காரராகிவிட்டார். இத்தகையவர்களை விட்டுவிடுவதா, சேர்ப்பதா என்பது தொகுப்பவரின் முடிவு. இன்றைய எல்லையை அடிப்படையாகக் கொண்டு, முன்பு நார்ஃபோக்கில் இருந்தவர்களைத் தனிப் பின்னிணைப்பில் தருவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

யாரை அரசியல்வாதி என்று கொள்வது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள், தூதர்கள், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள், நகர மேயர்கள் ஆகியோரோடு நிறுத்திக்கொண்டால் வேலை ஒரு கட்டுக்குள் நிற்கும். மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் நிர்வாகக் குழுவினரையும் சேர்க்கத் தொடங்கினால், பழைய இடுகாடுகளில் பாதிப் பேர் அரசியல்வாதிகளாகிவிடுவார்கள்.

வரையறை முடிந்ததும் தேட வேண்டிய முதல் இடம், அமெரிக்க நாடாளுமன்றம் வெளியிடும் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பகராதி. பெரும்பாலும் ஒவ்வோர் உறுப்பினரின் குறிப்பும் அவர் அடக்கமான இடுகாட்டின் பெயரோடு முடியும் என்பதால், குவின்சி, டெடம், புரூக்லைன், மில்டன், வேமத் என ஊர்ப்பெயர்களைக் கொண்டு தேடினால் ஒரு முதல் வரைவு எளிதில் கிடைத்துவிடும். நாடாளுமன்றத்துக்குப் போகாதவர்களுக்கு ஊர்ப் பதிவேடுகளையே நாட வேண்டும். மாசசூசெட்ஸில் இடுகாடுகளைப் பொதுவாக ஊர்களும் தேவாலயங்களும் தனி அமைப்புகளுமே பராமரிக்கின்றன. கவுண்டி அலுவலகத்தில் அடக்கப் பதிவேடு கேட்பது வீண் முயற்சி. இறப்புப் பதிவுகளை ஊர் எழுத்தர் வைத்திருப்பார். மாநில அளவிலான பதிவு 1841இல் தொடங்கியது. உயில்கள் மட்டும் கவுண்டியின் உயில் நீதிமன்ற ஆவணங்களில் உள்ளன. 1793க்கு முந்தைய உயில் வேண்டுமானால் சஃபோக் கவுண்டியின் ஆவணங்களில் தேட வேண்டும். ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தன்னார்வலர் தளங்கள் புகைப்படத்துக்கும் கல்லறையின் இருப்பிடத்துக்கும் பயன்படும்; அங்குள்ள வாழ்க்கை வரலாற்றை இன்னொரு சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது.

பெயர்களை நம்பி ஏமாறுவதும் எளிது. குவின்சி நகரின் மையத்தில் ஹான்காக் இடுகாடு இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தில் பெரிய எழுத்தில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக் இங்கேதான் இருக்கிறார் என்று பலர் தேடி வருகிறார்கள். இங்கே அடக்கமாகியிருப்பவர் அவருடைய தந்தையான போதகர் ஜான் ஹான்காக். ஆளுநராக இருந்த மகன் பிறந்தது இவ்வூரில்தான் என்றாலும், அவர் கல்லறை பாஸ்டனின் கிரேனரி இடுகாட்டில் உள்ளது. ஒரே இடுகாட்டுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. முதல் நாடாளுமன்றத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் ஃபிஷர் ஏம்ஸ், 1808 ஜூலை 4 அன்று டெடமில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவர் இருக்கும் இடுகாடு சில நூல்களில் பழைய கிராம இடுகாடு என்றும், சிலவற்றில் முதல் பாரிஷ் இடுகாடு என்றும் வரும். இரண்டையும் பதிவில் குறிப்பிடாவிட்டால், பின்னால் வருபவர் இரண்டு கல்லறைகள் இருப்பதாக எண்ணிவிடுவார்.

உடல் முதலில் வைக்கப்பட்ட இடத்திலேயே இன்றும் இருக்கிறதா என்பதை ஒவ்வொருவருக்கும் சரிபார்க்க வேண்டும். ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபர் பதவிக்குப் பின் பிரதிநிதிகள் சபை உறுப்பினராகப் பணியாற்றி, 1848 பிப்ரவரி 21 அன்று அவையிலேயே சரிந்து விழுந்து, இரண்டு நாள் கழித்து அதே கட்டடத்தில் உயிர் நீத்தார். வாஷிங்டனின் காங்கிரஷனல் இடுகாட்டில் பொது நிலவறையில் முதலில் வைக்கப்பட்ட உடல், பின்னர் குவின்சிக்குக் கொண்டுவரப்பட்டு ஹான்காக் இடுகாட்டின் குடும்ப நிலவறையில் அடக்கமானது. மனைவி லூயிசா 1852இல் இறந்த பிறகே, தெருவுக்கு எதிரே உள்ள யுனைடெட் ஃபர்ஸ்ட் பாரிஷ் தேவாலயத்தின் நிலவறைக்கு இருவரும் மாற்றப்பட்டனர். அங்கே அவருடைய பெற்றோர் ஜானும் அபிகேலும் தேவாலயம் கட்டி முடிந்த 1828 முதலே இருந்தனர். அவர்களும் ஹான்காக் இடுகாட்டிலிருந்து மாற்றப்பட்டவர்களே. பதவியில் இருக்கும்போது இறந்த உறுப்பினர்களுக்கு வைக்கப்பட்ட மணற்கல் நினைவுக்கல் ஒன்று இவருக்கும் வாஷிங்டனில் உள்ளது. அதன் கீழ் உடல் இல்லை. பழைய குறிப்புகளை மட்டும் படிப்பவர் ஒரே மனிதருக்கு மூன்று கல்லறைகளைக் கணக்கு காட்டக்கூடும்.

கல்லறை ஒரு கவுண்டியிலும் நினைவுச்சின்னம் இன்னொன்றிலும் இருப்பது பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வழக்கமானது. பாஸ்டன் மேயராக இருந்து 1905இல் இறந்த பாட்ரிக் காலின்ஸின் நினைவுச்சின்னம் பாஸ்டனின் காமன்வெல்த் அவென்யூவில் நிற்கிறது. கல்லறை புரூக்லைனின் ஹோலிஹுட் இடுகாட்டில் உள்ளது. புரூக்லைன் மற்ற நார்ஃபோக் ஊர்களோடு நிலத்தொடர்பு இல்லாமல் தனித்து நிற்பதால், அதைப் பலர் தவறாக சஃபோக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பிரிட்டனுக்கான தூதராக இருந்த ஜோசப் கென்னடியும் ஹோலிஹுட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார். அதிபரான மகன் இங்கே இல்லாவிட்டாலும், தந்தை இந்தப் பட்டியலுக்கு உரியவரே. தென்மேற்கே மில்லிஸ் என்ற சிற்றூரின் பிராஸ்பெக்ட் ஹில் இடுகாட்டில், மாசசூசெட்ஸ் ஆளுநராகவும் அதிபர் ஐசன்ஹோவரின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த கிறிஸ்டியன் ஹெர்ட்டர் இருக்கிறார். பெரிய ஊர்களோடு தேடலை நிறுத்துபவர்கள் தவறவிடும் பெயர் இது.

நேரில் போகும்போது, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் தேய்ந்த எழுத்துகள் நிழலோடு தெளியும். நண்பகலில் ஒரு கண்ணாடியைக் கொண்டு ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினாலும் போதும். 18ஆம் நூற்றாண்டின் பலகைக்கற்கள் ஏடு ஏடாக உரிபவை என்பதால், சுண்ணக்கட்டி தேய்ப்பது, நுரை பூசுவது, தாள் வைத்து உரசுவது எதுவும் வேண்டாம். குவின்சித் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. நிலவறையைப் பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

பதிவை எழுதும்போது பெயர், வகித்த பதவிகள், அடக்கமான இடுகாடு, ஊர், அடக்கம் நடந்தபோது இருந்த கவுண்டி, இன்றைய கவுண்டி, உடல் மாற்றப்பட்டிருந்தால் அதன் ஆண்டு, சான்று என்ற வரிசையை எல்லோருக்கும் மாறாமல் பின்பற்றுங்கள். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் புதிய நாட்காட்டிக்கு மாறிய 1752க்கு முந்தைய தேதிகளில் எந்த நாட்காட்டி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜான் ஆடம்ஸ் பிறந்த நாள் பழைய கணக்கில் 1735 அக்டோபர் 19, புதிய கணக்கில் அக்டோபர் 30. வெள்ளை மாளிகை அனுப்பும் மலர்வளையம் அவர் கல்லறையில் வைக்கப்படுவது புதிய கணக்கின்படிதான் என்பதால், அந்த நாளையே முதன்மையாகக் கொடுத்துப் பழையதை அடைப்புக்குறிக்குள் இடலாம்.