கொழும்புச் சதுப்பு நிலங்களில் உயிர்களை எண்ணுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்

2018-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கை முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது, கொழும்பும் அதில் ஒன்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்கும் தலங்கம குளத்துக்கும் பைனாகுலரோடு போய்வருவது பெரிய வேலையில்லை. போய்வந்தவர்கள் பறவை பார்ப்போர் குழுவில் போடுவதுதான் பிரச்சினை: "இன்றைக்கு 40 இனம்!"

சரி, எத்தனை மணித்தியாலத்தில்? எத்தனை பேர் பார்த்தீர்கள்? எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? இவை தெரியாத எண்ணிக்கையைப் போன வருட எண்ணிக்கையோடு ஒப்பிடவே முடியாது. நாலு மணித்தியாலம் சுற்றியவருக்கு அதிக இனம் கிடைப்பதில் என்ன ஆச்சரியம்? தொடங்கிய நேரம், முடித்த நேரம், தூரம், ஆட்கள். இந்த நாலையும் முதலில் குறித்துவிட்டுப் பறவையைப் பாருங்கள்.

அடுத்தது, காகத்தை எழுதாமல் விடுவது. "அதுதான் எல்லா இடமும் இருக்கே" என்பார்கள். மைனாவுக்கும் மாடப்புறாவுக்கும் இதே கதிதான். அரிய பறவையை மட்டும் எழுதினால், அது உங்கள் அதிர்ஷ்டத்தின் பட்டியலாக இருக்குமே தவிர அந்த இடத்தின் பட்டியலாக இராது. பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் செயலி பட்டியலை ஏற்கும் முன், அடையாளம் கண்ட பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றால்தான் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிறது: தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்தப் பூச்சியத்தின் பெறுமதி பலருக்கும் விளங்குவதில்லை.

இனங்களின் தொகையோடு நின்றுவிடுவதுதான் ஆகப் பெரிய தவறு என்பேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு குளங்கள், இரண்டிலும் 10 இனம், 100 பறவைகள். முதல் குளத்தில் 91 காகங்கள், மற்ற ஒன்பது இனத்திலும் ஒவ்வொன்று. இரண்டாவதில் ஒவ்வொரு இனத்திலும் பத்துப் பத்து. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பறவைகளை எடுத்தால் அவை வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு முதல் குளத்தில் நூற்றுக்கு 17, இரண்டாவதில் 91. பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி. உண்மையில் முதலாவது காகக் குளம். புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் 1949-இல் வெளியிட்ட அளவீட்டின் சாரம் இவ்வளவுதான். ஆகவே ஒவ்வோர் இனத்திலும் எத்தனை தலை என்றும் எண்ணுங்கள்.

காலத்தையும் மறக்கக் கூடாது. வலசைப் பறவைகள் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இங்கே தங்கும். ஜனவரிப் பட்டியலையும் ஜூலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து "பறவைகள் அழிந்துபோச்சு" என்று கூப்பாடு போடுவது வீண். நேரமும் அப்படித்தான். கொழும்புச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை உண்டு, ஆனால் அது இரவு உலாவி. மழை இரவில் கத்தும் தவளைகளும் ஞாயிறு காலை நடையில் அகப்படா.

எண்ணியபின் காப்பாற்றப் போகிறோம் என்று செய்யும் தவறுகள் தனி ரகம். கரையோர நாணலை வெட்டிப் புல் விரித்து, விளக்குப் போட்டால் நடக்கிறவர்களுக்கு அழகு. கானாங்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் கூடு கட்ட இடம் போய்விடும். பச்சையாக இருப்பதெல்லாம் நல்லதும் இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெல் ஆத்தா மரம் பெல்லன்வில-அத்திடிய சதுப்பில் பரவி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்திருக்கிறது. திறந்த சதுப்பில் மரம் நட ஆட்கள் கிளம்பும்போது எனக்குப் பயம்தான் வரும். அப்புறம், வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட டாங்க் கிளீனர் மீனையும் சிவப்புக் காது ஆமையையும் புண்ணியம் என்று வாய்க்காலில் விடாதீர்கள். விற்ற கடையே திருப்பி எடுக்குமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. கூட்டையோ மீன்பிடிப் பூனையையோ படமெடுத்தால் சரியான இடத்தை முகநூலில் போட வேண்டாம். படத்தோடு ஜிபிஎஸ் விவரம் போகிறதா என்றும் பாருங்கள். உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மங்கலாக்கிப் பதியும் வசதி இருக்கிறது. பதிவு ஆய்வாளருக்குப் பயன்படும், கூட்டைத் தேடி வருகிறவருக்கு வழி காட்டாது.