மூழ்கிய கொள்ளையர் கப்பலில் புதையல் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொல்லங்கோடு, நீரோடிப் பக்கம் வலை எதிலாவது மாட்டிக் கிழிந்தால் "கீழே கப்பல் கிடக்கு" என்பார்கள். அடுத்த பேச்சு தங்கம்தான். பாறைப் பாரில் பட்டாலும் வலை கிழியும். அதனால் அவசரப்பட்டுக் கடலில் குதிக்க வேண்டாம்.

கொள்ளையர் கப்பல் என்றாலே பெட்டி பெட்டியாகப் பொன் என்று நம்புவதுதான் முதல் தவறு. பேர்போன கடற்கொள்ளையர் கேப்டன் கிட் 1698 ஜனவரியில் குவேதா மெர்ச்சன்ட் கப்பலைப் பிடித்தது நம் பக்கத்துக் கொச்சிக் கரைக்கு அப்பால்தான். பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு என்று நிறையச் சரக்கு இருந்தது. கிட் அதைக் கரீபியன் கடல் வரை ஓட்டிப் போய் விட்டுவிட்டார். 2007இல் அங்கே டொமினிக்கன் குடியரசுக் கரையோரம் அந்தக் கப்பல் அகப்பட்டபோது கிடந்தவை பீரங்கிகளும் நங்கூரங்களும். 2015இல் மடகாஸ்கரில் கிட்டின் வெள்ளிக்கட்டி என்று 50 கிலோ கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்தார்கள். 95 சதவீதம் ஈயம்!

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. சிப்பி எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு மூச்சடக்கி மூழ்கிப் பழக்கம். சிலிண்டர் கட்டி இறங்கும்போது அந்தப் பழக்கமே எமன். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டே ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். பயிற்சி இல்லாமல் தயவுசெய்து இறங்காதீர்கள்.

எனக்கு மனம் ஆறாத தவறு ஒன்று உண்டு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வலையில் ஏறிய துருக்கட்டியைத் திண்ணையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தார். சிப்பியும் மணலும் இறுகிய கட்டி. உள்ளே ஆணி வடிவத்தில் ஒரு குழி, அதிலிருந்து கறுப்புக் குழம்பு வழிந்தது, அவ்வளவுதான். உப்புநீர் இரும்பை அரித்துத் தின்ற பிறகும் அந்தக் குழி அச்சாக நிற்கும். எக்ஸ்ரே எடுத்து, பிசின் ஊற்றினால் பழைய ஆணி அப்படியே கிடைக்கும். உடைத்தால் எல்லாம் போச்சு.

வெயிலில் காயவைப்பதும் கெடுதல். மரம் சுருங்கிப் பிளக்கும். இரும்பில் ஊறிய உப்பு படிகமாகி அதை வெடிக்க வைக்கும். கையில் வந்துவிட்டதா, வாளியில் கடல்நீர் ஊற்றி அதிலேயே போட்டு வையுங்கள்.

அப்புறம், ரகசியமாக விற்பது. நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். கலெக்டர் அலுவலகத்தில் சொல்லுங்கள். போகும்போது வலை மாட்டிய இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பையும் கொண்டு போங்கள். எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால், அது எந்தக் கப்பலின் பொருள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.