ஆங்கிலச் சொற்களின் பிறப்புக் கதைகள்: நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துச் சேர்த்ததால் 'நியூஸ்' என்ற சொல் உருவானது என்ற விளக்கத்தை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அது தவறு. 'நியூ' என்றால் புதிய. அதோடு பன்மை விகுதி சேர்ந்து 'புதியவை' என்ற பொருளில் வந்ததுதான் 'நியூஸ்'. பிரெஞ்சு மொழியிலும் செய்திக்கான சொல் இப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றிப் பரவும் சுவையான தகவல்களில் அதிகம் ஏமாற்றுபவை இந்த முதலெழுத்துக் கதைகள்தான். ஆடம்பரத்தைக் குறிக்கும் 'போஷ்' என்ற சொல்லுக்கும் ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த செல்வந்தர்கள் வெயில் படாமலிருக்க வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டார்களாம். அதைச் சொல்லும் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற ஆங்கிலச் சொற்களின் நான்கு முதலெழுத்துகள் டிக்கெட்டில் அச்சிடப்பட்டனவாம். அப்படி ஒரு டிக்கெட் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அபாயக் குறியான எஸ்.ஓ.எஸ். என்பதற்கும் 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்ற விரிவு பின்னால் ஒட்டவைக்கப்பட்டதே. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று எளிதில் அடையாளம் காண முடிவதால்தான் அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உருவாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 'ரேடார்' 1940இல் வந்தது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய சொல்லுக்கு இத்தகைய விளக்கம் கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

விதிவிலக்கு உண்டு, அது 'ஓகே'. 1830களின் இறுதியில் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில், சொற்றொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்கும் விளையாட்டு நடந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்றாக்கி ஓ.கே. எனச் சுருக்கினார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' அதை அச்சிட்டது. மறு ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரை வைத்து அவருடைய ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்கள் நடத்தினார்கள். அவர் தோற்றாலும் சொல் நாடெங்கும் பரவிவிட்டது. இதையெல்லாம் பழைய நாளிதழ்களைப் புரட்டி 1960களில் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர்.

அடுத்த தவறு நமக்கு நெருக்கமானது. 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் 'காசு'விலிருந்து போனது என்று பெருமையோடு பகிர்கிறோம். பாதிதான் உண்மை. ஒரே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டி என்ற பொருளில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக வந்தது. அதன் வேர் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஐரோப்பியர் சொன்ன 'கேஷ்' வேறு. நம் காசு போர்த்துகீசியரின் வாய்வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சென்னைக்காக 1808ஆம் ஆண்டிட்டு அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களோடு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. அந்த நாணயங்களில் பொறித்திருக்கும் 'கேஷ்'தான் நம்முடையது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடத் தேவையில்லை. ஐயமில்லாமல் தமிழிலிருந்து போன சொற்களே நமக்குப் போதும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் ஆங்கில அகராதிகளில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் 'பரையா' என்ற சொல், பறை என்ற இசைக்கருவியை ஒட்டி அமைந்த ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. தண்டிக்கப்பட்ட நாடுகளைப் பற்றிய கட்டுரைகளில்கூட அது சாதாரணமாக வருகிறது. அதன் பிறப்பு தெரிந்த நாம் அதை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இலக்கணத்திலும் இப்படி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 'இன்', 'டு', 'வித்' போன்ற முன்னிடைச் சொல்லில் ஆங்கில வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று இன்றும் சில ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறைகூறும்போது சொன்ன கருத்து அது. ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பும் பின்பும் அப்படி முடித்துத்தான் பேசிவருகிறார்கள். அதற்காக மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம்.

எதையும் சரிபார்க்க ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே சிறந்த துணை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் தருகிறது. ஆனால், முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷேக்ஸ்பியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் படைத்தார் என்ற புகழ்பெற்ற தகவல் அப்படி வந்ததுதான். 1928இல் முடிந்த முதல் பதிப்புக்காகத் தன்னார்வலர்கள் நூல்களைப் படித்துச் சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். எல்லோரிடமும் இருந்த ஷேக்ஸ்பியரை வரிவரியாகப் படித்தார்கள். அவர் காலத்துச் சிறு நூல்கள் பலவற்றை யாரும் தொடவில்லை. அந்த நூல்கள் இப்போது கணினியில் ஏறிவிட்டதால், அவருடையவை என நினைத்த பல சொற்களுக்கு அவருக்கும் முந்தைய சான்றுகள் கிடைத்துவருகின்றன.