பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் வெளிச்சமான அறை கட்டும் முறை

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் அகலம் குறைந்தவை. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டை ஒட்டியிருப்பதால், வெளிச்சம் தெருவிலிருந்தோ முற்றத்திலிருந்தோ கொல்லையிலிருந்தோதான் வர வேண்டும். பின்சுவரை ஒட்டியே புது அறையை எழுப்பினால் அந்த அறை பளிச்சென்று இருக்கும். ஆனால் நடுவில் அகப்படும் பழைய அறை பகலிலும் விளக்கு கேட்கும். ஆகவே பழைய சுவருக்கும் புது அறைக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்தில் ஒரு சிறு முற்றத்தை விட்டுவிடுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும். ஆயினும் இரண்டு அறைகளுக்கும் காற்றும் வெளிச்சமும் தருவது அந்த ஐந்தடிதான் என்பதால், செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் அறையின் நீளத்தைக் குறைக்கலாமே தவிர முற்றத்தைக் குறைக்கக் கூடாது.

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் உள்ளே போதிய அளவில் எட்டும். எனவே கூரையைப் பதினோரு அடிக்குக் குறையாமல் உயர்த்தி, அதன் கீழ் வடக்குப் பார்த்து ஒரு வரிசை வெண்டிலேட்டர் வையுங்கள். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மட்டுமே உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்கிறது. அப்போதும் சாய்வு சொற்பமே என்பதால் இரண்டடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். மேற்கில் பெரிய கண்ணாடி வேண்டவே வேண்டாம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியில் வடக்கு, தெற்கு முகங்களைத் திறந்து, திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகளை அமைத்திருப்பதை ஒருமுறை வெளியிலிருந்தாவது பார்த்து வருவது நல்லது.

வடகிழக்குப் பருவமழையும் வடக்குப் பக்கத்தில் சாய்ந்து அடிக்கும் என்பதால், வெண்டிலேட்டருக்கு மூடும் கதவு அவசியம். கூரையில் கண்ணாடி பதிப்பதானால், உடைந்தாலும் உதிராத லேமினேட்டட் கண்ணாடியையே கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய அனுபவம் நமக்கு உண்டு. உப்புக்காற்று இரும்புச் சட்டத்தை அரித்துவிடும். தேக்கோ அலுமினியமோ நீடிக்கும்.

பழைய பின்சுவரை அகலமாக இடிக்காதீர்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய பழைய தட்டைக் கூரை) மரக்கட்டைகள் அதன்மேல் தாங்கி நிற்கக்கூடும். இருக்கும் ஜன்னலின் அகலத்தை மாற்றாமல், அதன் கீழுள்ள சுவரை மட்டும் தரைவரை வெட்டிக் கதவாக்கினால், மேலுள்ள பாரம் போகும் வழி மாறாது, வெளிச்சமும் கூடும். அதையும் கட்டடப் பொறியாளரிடம் காட்டிய பின்பே செய்யுங்கள். புது அறைக்கு அஸ்திவாரம் தனியாக இருக்கட்டும். பழைய சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்துவிடும் என்பதால், அங்கே சுண்ணாம்புப் பூச்சே தகும். முற்றத்துச் சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், மேலிருந்து விழும் வெளிச்சம் பட்டுத் திரும்பி இரு அறைகளுக்கும் போகும்.

திட்டக் குழுமத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். முற்றத்து நீர் வெளியேறும் குழாயைத் தளம் போடுவதற்கு முன்பே பதித்துவிடுங்கள்.