மறதிக்கு வயதைக் குறை சொல்லும் முன் ஏழு நாள் பிரஷர்–சுகர் நோட்டு

மூளையின் எடை உடலில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதைக் கொண்டுசேர்ப்பவை நூலிழை போன்ற ரத்தக்குழாய்கள். பிரஷர் அவற்றின் சுவரைத் தடிக்கவைக்கும்; நாள்பட்ட சுகர் உட்புறத்தைப் புண்ணாக்கும். அதனால் பெரும்பாலும் முதலில் மந்தமாவது யோசனைதான், ஞாபகம் பிறகு. பால் கணக்கைக் கூட்டத் தடுமாறுவார். தாளிப்பில் எதற்குப் பின் எது என்று குழம்புவார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு நோட்டு போடுங்கள்.

முதலில் பிரஷர். ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பாதம் தரையில், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில். பிரஷர் மெஷினின் பட்டையைத் துணி இல்லாத வெறும் கையில் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடிக்காட்டும். கை தொங்கினாலும் அப்படித்தான். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்பிரின்ட் என்ற பிரஷர் ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140ஐ இலக்காக வைத்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. ஆனால் சுகர் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் இருப்பவருக்கான இலக்கை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எழுந்து நின்றதும் தலைசுற்றும் முதியவருக்கு 120 ஆபத்தாகலாம்.

அடுத்து சுகர். பலரும் கோட்டைவிடுவது தாழ்சர்க்கரையை. இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் திடீரென உளறினால், வியர்த்தால், அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய்க்கணக்கு காட்டும். 70க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். வாய் கோணினாலும் பேச்சு குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம்; அதற்கும் அதே எண்தான்.

மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறாரா? பி12 வைட்டமின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம்.

கடைசிப் பக்கத்தில் மாத்திரைப் பட்டைகளை எண்ணி எழுதுங்கள். மறதியில் மாத்திரை விடுபடும், விடுபட்டதால் பிரஷர் ஏறும். ஏழாம் நாள் எத்தனை மீதி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்பதை டாக்டர் முதலில் பார்க்கட்டும்.