தகட்டை வளைக்கும் முன் ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்

தகட்டின் விளிம்பிலிருந்து 25 மில்லிமீட்டர் அளந்து கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே வளைத்தால் சுவர் 25 வராது. 26-ஐ ஒட்டி வரும். நான்கு பக்கமும் அப்படி வந்தால் மூடி பொருந்தாது, திருகு ஓட்டை நேர்படாது. கோட்டையும் தகடு வளைக்கும் மெஷினையும் குறை சொல்லிப் பயனில்லை. வளையும்போது தகடு நீள்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கே உதாரணம் ஒரு சின்னத் தட்டு, பட்டறையில் நட்டு, திருகாணி போட்டு வைப்பதற்கு. வெளி அளவு 150-க்கு 100, உயரம் 25. தகடு 1 மில்லிமீட்டர் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு.

கருவிகள்

300 மில்லிமீட்டர் ஸ்டீல் ரூல், வெர்னியர், மூலைமட்டம், ஸ்கிரைபர் (கீறிக் கோடு போடும் ஊசி), மெல்லிய முனை மார்க்கர், கத்தரி, அரம். டேப்பை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதன் முனைக் கொக்கி ஆடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, பழசானால் இன்னும் ஆடும். பினாங்கில் இருப்பவர்கள் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேடினால் நல்ல மூலைமட்டம் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு நேர்விளிம்பில் வைத்துக் கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் காசு கொடுங்கள்.

கடையில் தகடு கேட்கும்போது தடிமனுக்குக் கேஜ் எண் சொல்ல வேண்டாம். அமெரிக்க அட்டவணைப்படி 18 கேஜ் என்பது அலுமினியத்தில் 1.02 மில்லிமீட்டர், ஜி.ஐ.யில் 1.31. மில்லிமீட்டரில் கேளுங்கள், அப்புறம் வெர்னியரில் அளந்தும் பாருங்கள்.

சோதனைத் துண்டு

மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

வளையும்போது தகட்டின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் நெருங்குகிறது. நடுவில் ஒரு அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் இருக்கும். அது சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் உட்புறம் தள்ளி இருக்கும். வளைவின் உள் ஆரமும் 1, தகட்டின் தடிமனும் 1 என்றால், 90 டிகிரி வளைவு எடுத்துக்கொள்ளும் நீளம் 1.57 × (1 + 0.4), அதாவது சுமார் 2.2. அதே வளைவை வெளி மூலை வரை அளந்தால் பக்கத்துக்கு 1 + 1, இரண்டு பக்கமும் சேர்ந்து 4. வித்தியாசம் 1.8. ஒவ்வொரு வளைவுக்கும் இந்த 1.8-ஐக் கழிக்க வேண்டும். பெண்ட் டிடக்‌ஷன், அதாவது வளைவுக் கழிவு என்பது இதுதான்.

1.57 என்பது பை-யில் பாதி; 0.4 என்பது அந்த நீளம் மாறாத அடுக்கு உட்புறத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பது. ஆனால் அந்த 0.4 உங்கள் தகட்டுக்கு 0.36 ஆக இருக்கலாம், 0.45 ஆகவும் இருக்கலாம். உள் ஆரம் 1 என்பதும் தகட்டை அழுத்திப் பிடிக்கும் மெஷின் தாடையின் மூக்கை, அதாவது தகடு வளையும் முனையைப் பொறுத்தது. அதனால் நான் அட்டவணையை நம்பித் தகடு வெட்டுவதே இல்லை.

அதே தகட்டிலிருந்து 100 நீளம், 30 அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். பிசிறை அரத்தில் எடுத்துவிட்டு நீளத்தை வெர்னியரில் அளந்து துண்டின் மேலேயே எழுதுங்கள். 50-இல் மார்க்கரால் கோடு. கோட்டைத் தாடையின் மூக்குக்கு நேராக வைத்து 90-க்கு வளையுங்கள். எந்தப் பாதி தாடைக்குள் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மூலைமட்டத்தில் 90 சரியாக வந்த பிறகுதான் அளக்க வேண்டும், 88-இல் அளந்தால் எண் பொய் சொல்லும்.

இரண்டு கால்களையும் வெளிப்புறமாக அளங்கள். தாடைக்குள் இருந்தது 51.1, வெளியே இருந்தது 50.7 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 101.8. துண்டின் நீளம் 100-ஐக் கழித்தால் 1.8. கால்கள் சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், கூட்டுத்தொகைதான் கழிவைச் சொல்கிறது.

சமமில்லாததிலும் ஒரு செய்தி இருக்கிறது. இரண்டும் 50.9 வந்திருக்க வேண்டும். தாடைப்பக்கம் 0.2 கூடியிருக்கிறது என்றால், அடுத்த முறை கோட்டை மூக்குக்கு வெளியே 0.2 தள்ளி வைக்க வேண்டும். ஒரே துண்டில் கழிவும் தெரிந்துவிடும், கோடு நிற்கவேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

கோடு போடுவது

விரித்த நீளம்: 150 + 25 + 25 − 3.6 = 196.4. அகலம்: 100 + 25 + 25 − 3.6 = 146.4. வெட்டியதும் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். இரண்டும் 245-ஐ ஒட்டி, சமமாக இருக்க வேண்டும்.

வளைவுக் கோடு ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 24.1, அதாவது 25-இல் பாதிக் கழிவு போக. எதிரெதிர் கோடுகளுக்கு இடையே 148.2-உம் 98.2-உம் வந்தால் சரி.

ஸ்கிரைபர் வெட்டும் கோட்டுக்கு மட்டும். வளைவுக் கோட்டில் கீறினால் ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு போய்விடும். பட்டர்வொர்த் போலக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் துரு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும்.

கோடுகள் சந்திக்கும் நான்கு இடத்திலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட்டு மூலைச் சதுரங்களை வெட்டுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் மூலை கிழியும்.

வளைப்பது

எதிரெதிரான இரண்டு பக்கங்களை முதலில் வளையுங்கள். மற்ற இரண்டுக்கும் தாடையின் விரல்களை, அதாவது தனித்தனியாக மாட்டும் துண்டுகளைக் கழற்றி, தட்டின் உள் அகலத்துக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். கைப்பிடியை விட்டதும் தகடு கொஞ்சம் திரும்பி வரும். 90 வேண்டுமென்றால் 92 வரை போக வேண்டியிருக்கலாம். சோதனைத் துண்டை வளைத்தபோதே இது கைக்குத் தெரிந்திருக்கும்.

தைப்பூசம் நெருங்கும்போது காவடி வேலைக்கு அலுமினியத் தகடு வளைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அலுமினிய வகைகளில் 5052 நன்றாக வளையும். 6061-டி6 கெட்டியானது, இறுக்கமான ஆரத்தில் வெடிக்கும். தகட்டில் எண் இல்லையென்றால் துண்டை வளைத்து, வளைவின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஆலையில் தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்கே வளைவுக் கோடு விழும்படி வைத்தால் வெடிப்பு குறையும்.

பின்சேர்க்கை

கடைசிச் சுவர் பக்கத்துச் சுவரில் இடிக்கிறது என்று சிலர் எழுதினார்கள். மூலையைக் கோடு வரை மட்டும் வெட்டினால் சுவரின் முனை ஒரு மயிரிழை அதிகமாக நிற்கும். கடைசியாக வளைக்கும் சுவர்களின் இரண்டு முனையிலும் அரை மில்லிமீட்டர் அரத்தில் எடுத்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் 304-க்கும் இதே முறைதான். அது ஜி.ஐ.யை விட அதிகமாகத் திரும்பி வரும், அதனால் அதற்கென்று தனித் துண்டு வளைத்துப் பாருங்கள்.

மெஷின் இல்லாதவர்கள் இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே தகட்டை வைத்து, வைஸிலும் ஜி-கிளாம்பிலும் இறுக்கி, கெட்டி மரக்கட்டையை வைத்து அதன் மேல் சுத்தியலால் தட்டலாம். ஒரே இடத்தில் அடிக்காமல், முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வாருங்கள். ஆங்கிளின் முனை மெஷின் மூக்கைப் போல இருக்காது, எனவே கழிவு 1.8 வராது. சோதனைத் துண்டையும் அதே ஆங்கிளில் வளைத்துத்தான் அளக்க வேண்டும்.